கடைமடையில் ஆளி தேடி

வெள்ளி, பரங்கிப்பேட்டை

ஸ்காட்லாந்தின் வடக்கே டார்னாக் ஃபர்த் என்று ஒரு கடற்கழி. அதன் கரையில் கிளென்மோராஞ்சி விஸ்கி ஆலை. அந்த ஆலையும் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகமும் ஒரு கடல் பாதுகாப்புச் சங்கமும் கைகோத்து, நூறு வருஷத்துக்கு முன்பே ஆளி (ஆய்ஸ்டர் என்கிற சிப்பி) அற்றுப்போன அந்தக் கழியில் திரும்பவும் ஆளிப் படுகை உண்டாக்கும் வேலையை 2014-இல் தொடங்கின. ஆலைக் கழிவுநீரில் பெரும்பங்கைச் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும், மிச்சசொச்சத்தை ஆளிகள் வடிகட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. சாராயக் கம்பெனிக்கும் சிப்பிக்கும் இப்படி ஒரு சம்பந்தமா என்று நினைத்துக்கொண்டுதான் படித்தேன். அப்புறம் இன்னொரு கேள்வி குடைய ஆரம்பித்தது. நம் காவிரி கடலில் சேரும் இடங்களில் ஆளி என்ன கதியில் இருக்கிறது? நான் பிறந்து வளர்ந்தது மயிலாடுதுறைப் பக்கம். நெல்லைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன், ஆளியைப் பற்றி ஒரு வரி தெரியாது. பொங்கல் முடிந்த கையோடு பையைத் தூக்கிவிட்டேன்.

சிதம்பரத்தில் காலை இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆளி காணாமல் போய்விடும், அதனால் நேராகப் பரங்கிப்பேட்டை டவுன் பஸ்.

வெள்ளாறு காவிரியின் பிள்ளை இல்லை, சேலத்து மலைகளிலிருந்து வருவது. ஆனால் கடலோரத்தில் அந்தப் பிரிவினை எல்லாம் செல்லாது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு கிடக்கிறது. இரண்டு முகத்துவாரங்களுக்கும் வாய்க்கால்கள் வழியாக ஒரே தண்ணீர்தான் போய் வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் 1961-லிருந்து இந்த வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. கழிமுக உயிர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் பயணத்தை இங்கேதான் தொடங்க வேண்டும்.

நம் கழிமுகங்களில் அதிகம் இருப்பது கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்ற இனம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கோடிக்கணக்கில் வளர்த்து விடுகிறார்களே, அந்த ஆளிக்கு நெருங்கிய உறவு. பெண் முட்டையை நேராகத் தண்ணீரில் விட்டுவிடும், ஆணும் அப்படியே. கருவான குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தோடு அலையும். கெட்டியாக ஏதாவது கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான், சாகும்வரை இடம் மாறாது. வெறும் சேற்றில் விழுந்தால் கதை முடிந்தது. டெல்டாவோ ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி, பாறை கிடையாது. அப்படியென்றால் குஞ்சு எதில் ஒட்டும்? மர வேர், பாலத் தூண், உடைந்த படகு. எல்லாவற்றையும் விட முக்கியமாக, செத்துப்போன ஆளியின் ஓடு. தாத்தா பாட்டி ஓட்டின் மேல்தான் பேரப்பிள்ளைகள் குடித்தனம் நடத்துகின்றன. ஓட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டால் அடுத்த தலைமுறைக்கு இடமில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் நாட்களில் நான் பார்க்கப்போவது எல்லாம் உங்களுக்கும் விளங்கும்.

மாலையில் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து ஆற்றோரம் நடந்தேன். பழைய கல் கட்டுகளில் ஆளிகள் சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவி மட்டி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் ஆளியும் எடுப்பீர்களா என்று கேட்டேன்.

"அத எவன் தம்பி திங்கிறான்? ஒடைக்கிறதுக்குள்ள கை கிழிஞ்சி போவும். மட்டின்னா ஒரு கொதி, வாயத் தொறந்துடும்."

ஆளிக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை இவ்வளவுதான். தின்னாதவரை தப்பித்தது என்றும் சொல்லலாம், தின்னாததால் கவனிப்பாரும் இல்லை என்றும் சொல்லலாம்.

சனி, பிச்சாவரம்

பிச்சாவரத்துக்குப் போகும் எல்லோரும் சினிமாவில் பார்த்த இடத்தைத் தேடுகிறார்கள். என் படகுக்காரருக்கும் அதுதான் பழக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நடிகர் பெயரைச் சொன்னார். "அண்ணே, எனக்கு வேரைப் பார்த்தா போதும்" என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, துடுப்பைப் போட்டு ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் விட்டார்.

உள்ளே சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் முட்டுக்கால் ஊன்றியபடி நிற்கின்றன. தண்ணீர் வற்றியிருந்ததால் வேர்களின் கீழ்ப் பாதி முழுக்கத் தெரிந்தது. ஒரு சாண் உயரத்துக்கு ஆளி, ஒன்றின் மேல் ஒன்றாக. குனிந்து தொடப் போனேன். "கை வைக்காதீங்க சார், கிழிச்சிடும்." நேற்று அந்த அக்கா சொன்னதும் இதுதான்.

"இது எப்பவும் இப்படியே இருக்குமாண்ணே?"

"மழத்தண்ணி வந்தா செத்துப்போவும் சார். கொள்ளிடம் நெரம்பி ஓடுச்சின்னா ஓடு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். அப்புறம் வெயில் ஏற ஏற திரும்பப் புடிச்சிக்கும்."

மனுஷர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆளிக்கு வேண்டியது உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த நீர். வெள்ளக் காலத்தில் பல நாள் நல்ல தண்ணீரே நின்றால் கூட்டமாகச் சாகும். அதே சமயம் ஆறு அறவே வராமல் போனாலும் கெடுதல்தான். கடலை விட உப்பு ஏறிய தண்ணீரில் மரமும் தாங்காது, ஆளிக்கும் தோதுப்படாது. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது என்ற வழக்கமான கணக்கு நெல்லுக்காகப் போட்டது. கடைமடைக்கு அப்புறம் கடல் வரை இன்னும் சில உயிர்கள் தண்ணீருக்குக் காத்திருக்கின்றன என்று அந்தக் கணக்கில் எங்கும் எழுதவில்லை. கடலில் வீணாகக் கலக்கிறது என்று நாம் வருஷா வருஷம் புலம்புகிறோம். இந்த வேர்களுக்கு அருகில் ஒரு தடவை நின்றுவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தோடு சண்டை போடும் ஊர்க்காரனாக இதைச் சொல்வதற்கு எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

இந்தக் காடு இன்று இப்படி நிற்பதற்குப் பின்னால் ஒரு கூட்டு முயற்சி இருக்கிறது. ஆளிக்காக நடந்தது இல்லை, ஆனால் ஆளி விஷயத்தில் நமக்கு முன்மாதிரி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இங்கே பட்டை பட்டையாகக் காட்டை மொத்தமாக வெட்டி விறகாக்கினார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராக விழுந்து, மண் காய்ந்து, தரை தாழ்ந்து பள்ளமாகிவிட்டது. ஏறிய கடல் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி ஆவியாகி ஆவியாகி உப்பு கூடியது. அங்கே எந்தச் செடியும் முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்ப்பவர்களாலும் விறகு பொறுக்குபவர்களாலும்தான் காடு அழிகிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990-களில் இங்கே வேலை பார்த்தபோது, கோளாறு தண்ணீர் தேங்குவதில் இருக்கிறது என்று கண்டார்கள். சுவாமிநாதனும் கும்பகோணத்துக்காரர்தான். தீர்வு எளிமையானது: இயற்கைக் கழியிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி. ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். உப்பு கழுவப்பட்டதும் செடி பிழைத்தது.

வாய்க்கால் வெட்டுவது சுலபம், தூர்ந்துபோகாமல் வைத்திருப்பதுதான் பாடு. அதற்குத்தான் வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கரையோரக் கிராமங்களும் சேர்ந்து குழு அமைத்தார்கள். எந்த வாய்க்காலை எப்போது தூர்வாருவது என்பது கிராமத்தோடு பேசி முடிவானது. காட்டை அழிப்பவர்கள் என்று பேர் வாங்கியிருந்தவர்களே காவலுக்கு வந்தார்கள். 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாக இருந்ததைப் பார்த்தபின் வாதம் செய்ய ஆள் இல்லை. 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் இருளர் பெண்கள் சிலர் சேற்றில் உட்கார்ந்தபடி கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. வேருக்கு அடியில் விரல் போகும் இடமெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆளி எங்கே புதிதாகப் பிடிக்கிறது, எங்கே சாகிறது என்று யாராவது கணக்கெடுக்க நினைத்தால் முதலில் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டியது இவர்களைத்தான்.

ஞாயிறு, சீர்காழிப் பக்கம்

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் சம்பா அறுவடை. சாலையின் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது, பஸ் மறுபாதியில் போனது. யாரும் கோபப்படவில்லை.

நான் தேடி வந்தது ஒரு கிளிஞ்சல் சுண்ணாம்புக் காளவாய். முன்பெல்லாம் கடலோர ஊர்களில் நிறைய இருந்தது, இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். விசாரித்து விசாரித்துப் போனால் ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரு வட்டச் சுவர். பக்கத்தில் மலை மாதிரி சிப்பி ஓடு. அதில் பாதி மட்டி, மீதி ஆளி. சில ஆளி ஓடு என் உள்ளங்கையை விடப் பெரியது. இந்த அளவில் உயிரோடு ஒன்றைக்கூட இரண்டு நாளாக நான் பார்க்கவில்லை.

காளவாய்க்காரர் எழுபதைத் தொட்டவர், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கட்டிலை இழுத்துப் போட்டார். ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு ஓடு என்று மாற்றி மாற்றிப் போட்டு நெருப்பு வைப்பார்கள். வெந்த ஓட்டில் தண்ணீர் தெளித்தால் புகைந்து பொலபொலவென்று உதிரும். வெற்றிலைக்கு, வெள்ளையடிக்க, பழைய கோயில் திருப்பணிக்கு என்று போகும். "இப்ப அதெல்லாம் கொஞ்சந்தான் தம்பி. எறால் பண்ணைக்காரங்கதான் வாங்குறாங்க, குளத்துல போட. கோழித் தீவனத்துக்கு ஓட்டாவே கேக்குறாங்க." ஓடு எங்கிருந்து வருகிறது என்றேன். கழியில் சேற்றுக்கு அடியில் பழைய ஓடு படுகையாகக் கிடக்கும், அதைத் தோண்டிக் கழுவி மூட்டை கட்டிக் கொண்டுவந்து போடுவார்கள் என்றார்.

அந்தப் பழைய படுகை சும்மா கிடப்பது இல்லை. குஞ்சு ஆளி ஒட்டுவதற்குக் கழியில் இருக்கும் முக்கியமான தரை அது. இதை அவரிடம் சொன்னேன். சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. "சேத்துக்கு அடியில பொதஞ்சது எப்படித் தம்பி குஞ்சுக்கு ஒதவும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. புதைந்ததை எடுப்பது வேறு, மேலே கிடப்பதை வாருவது வேறு. ஆனால் மூட்டைக் கூலிக்குத் தோண்டுபவர் இரண்டையும் பிரித்தா அள்ளுவார்? மேலே கிடப்பதுதானே முதலில் கைக்கு வரும்.

நியூயார்க்கில் பில்லியன் ஆய்ஸ்டர் பிராஜெக்ட் என்று 2014-இல் ஆரம்பித்தார்கள். 2035-க்குள் துறைமுகத்தில் நூறு கோடி ஆளி என்பது குறி. அவர்களுக்கு முதல் தேவையே ஓடுதான். ஓட்டல்களில் தின்று போட்ட ஆளி ஓட்டைச் சேகரித்து, நோய்க்கிருமி போவதற்காக ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் காயப்போட்டு, அதன்மேல் குஞ்சை ஒட்டவைத்துத் தண்ணீரில் இறக்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய் அளவெடுக்கிறார்கள். அங்கே ஓட்டுக்குப் பஞ்சம், அதனால் ஓட்டலில் கையேந்துகிறார்கள். இங்கே கண் முன்னால் ஒரு மலை கிடக்கிறது, நாளை காலை நெருப்பு வைக்கப்போகிறார்கள்.

காளவாயை மூடச் சொல்வது என் வேலை இல்லை. பெரியவருக்கும் அவரிடம் மூட்டை போடுபவர்களுக்கும் அதுதான் சோறு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் ஆளி வளர்ப்பைச் சோதித்தபோது, குஞ்சு பிடிக்கப் பயன்படுத்தியவற்றில் ஒன்று சுண்ணாம்பு பூசிய நாட்டு ஓடு. வீட்டுக் கூரை ஓடேதான். சுண்ணாம்புப் பரப்பில் குஞ்சு நன்றாக ஒட்டும், வளர்ந்ததும் பெயர்த்தெடுப்பதும் சுலபம். அதற்கும் முன்னால், 1910 வாக்கில், ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்கார மீன்வள அதிகாரி பழவேற்காட்டில் ஆளி வளர்த்துப் பார்த்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் கைவசம் இருக்கும் வித்தை. சாப்பிடுவதற்காக வளர்க்க மட்டுமே அதை யோசித்தோம், படுகையைத் திரும்ப உண்டாக்க யோசிக்கவில்லை.

பெரியவரிடம் இந்த ஓட்டுக் கதையைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துவிட்டது. "நம்ம சுண்ணாம்புதான் ஒசத்தி, கல்லுச் சுண்ணாம்புல ஒட்டுமா பாருங்க" என்றார். வியாபாரி!

திங்கள், தரங்கம்பாடி

இன்று எழுத அதிகம் இல்லை என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை, கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில், இரண்டையும் பார்த்துவிட்டு, அலை அடிக்கும் கல் குவியலில் உட்கார்ந்தேன். கல்லெல்லாம் சின்னச் சின்னப் பாறைச் சிப்பி. இது வேறு இனம், நான் பார்த்தவை நகத்தளவுதான், உப்புக் கடலிலேயே பிழைக்கும்.

அங்கே உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது டென்மார்க்கின் லிம்ஃபியோர்டு என்ற கடற்கழி. ஐரோப்பாவின் நாட்டு ஆளியான ஆஸ்ட்ரியா எடுலிஸ் இன்னும் காட்டு ஆளியாகவே மிஞ்சியிருக்கும் சில இடங்களில் அது ஒன்று. மற்ற இடங்களில் கதை மோசம். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஏழைகளின் சாப்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாரி வாரித் தின்றே தீர்த்தார்கள். அங்கே 95 சதவீதம் அழிந்துவிட்டது என்பது அவர்களே சொல்லும் கணக்கு. உலகம் முழுக்க 85 சதவீத ஆளிப் படுகைகள் போய்விட்டன என்றது 2011-இல் வந்த ஓர் ஆய்வு. மிஞ்சியதையும் பொனாமியா என்ற ஒட்டுண்ணி பிடித்தது. 1979-இல் பிரான்ஸில் அது தெரியவந்தது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆளியோடு சேர்ந்து வந்ததாம். நாட்டு ஆளி போன இடத்தில் பசிபிக் ஆளியைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அது இப்போது பல இடங்களில் தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் போன பிறகுதான் கூட்டம் கூட ஆரம்பித்தது. எசெக்ஸ் கடற்கரையில் ஆளி எடுக்கும் தொழிலாளர்கள், லண்டன் விலங்கியல் சங்கம், எசெக்ஸ் பல்கலைக்கழகம், அரசு அதிகாரிகள் ஒரே மேசைக்கு வந்தார்கள். அந்தக் கழிமுகங்கள் 2013-இல் கடல் பாதுகாப்புப் பகுதி ஆயின. 2017-இல் பல நாட்டு ஆட்கள் பெர்லினில் கூடி ஐரோப்பா முழுமைக்கும் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் பேசித் தீர்த்த விஷயங்களில் ஒன்று, ஒரு கழி ஆளியை இன்னொரு கழிக்குக் கண்டபடி மாற்றக் கூடாது என்பது. சூடு கண்ட பூனைகள்.

நமக்கும் இது பாடம்தான். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலோடு வந்ததாகக் கருதப்படும் ஒரு கருப்புச் சிப்பி எண்ணூர், பழவேற்காடு பக்கம் அடியெல்லாம் பாய் விரித்துவிட்டது. காக்கா ஆழி என்கிறார்கள். இறால் பிடிக்கும் இடமெல்லாம் போச்சு என்று மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். பார்த்தால் ஆளிக் குஞ்சு மாதிரி இருக்கிறதே என்று யாராவது நல்ல மனசோடு இரண்டு மூட்டை அள்ளி வந்து காவிரி முகத்துவாரத்தில் போட்டால் முடிந்தது கதை. ஆர்வக் கோளாறுதான் எனக்குப் பயம்.

செவ்வாய், வேதாரண்யம்

நாகப்பட்டினத்தில் பஸ் தவறியது, மதியம் வரை காத்திருந்தேன். வேதாரண்யத்தில் உப்பளம், உப்பளம், இன்னும் உப்பளம். 1930-இல் ராஜாஜி தண்டி யாத்திரையைப் பின்பற்றி உப்பு எடுக்க நடந்து வந்த ஊர். இங்கே ஆளிக்கு வேலை இல்லை. கோடியக்கரையில் பூநாரைகள் வந்திருப்பதாகச் சொன்னார்கள், தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, அதுதான் என்று நம்பிக்கொண்டேன். தங்கிய விடுதியில் கொசு. சீக்கிரம் படுக்கிறேன்.

புதன், முத்துப்பேட்டை

டெல்டாவின் தெற்கு மூலை. பாமணியாறு, கோரையாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் எல்லாம் வந்து விழும் இடத்தில் பெரிய உப்பங்கழி. ஊரில் எல்லோரும் லகூன் என்றே சொல்கிறார்கள். ஜாம்புவானோடையிலிருந்து கோரையாறு வழியாகப் படகில் போக வேண்டும். பிச்சாவரம் மாதிரி குகைக்குள் போகிற உணர்வு இல்லை. இரண்டு பக்கமும் வெண்கண்டல் மரங்கள், அப்புறம் திடீரென்று ஆள் ஆழம்கூட இல்லாத விரிந்த தண்ணீர்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். தென்னை எல்லாம் சாய்ந்ததை நாடே பார்த்தது, அலையாத்தி பட்டுப்போனதை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. காய்ந்த கட்டைகள் இன்னும் வெள்ளையாக நிற்கின்றன. நடுநடுவே புதுக் கன்றுகள். இங்கேயும் மீன்முள் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள்.

தண்ணீர் வற்ற வற்ற ஆளிப் படுகை வெளியே வந்தது. வேரில் ஒட்டியது இல்லை, தரையிலேயே திட்டுத் திட்டாக. ஓடு மேல் ஓடு, அதன்மேல் உயிருள்ள ஆளி, இடுக்கில் நண்டும் குட்டி மீன்களும். இவ்வளவு நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் செலவழித்து உண்டாக்க முயல்வது இதைத்தான். இங்கே சும்மா கிடக்கிறது. கிடக்கிறது என்பதாலேயே யாருக்கும் அவசரம் இல்லை. படகின் அடி உரசாமல் ஒதுக்கி ஓட்டுவதோடு சரி.

படகுக்காரரின் அப்பா காலத்தில் திட்டுகள் இன்னும் பெரியவையாம். மழை இல்லாத வருஷத்தில் கழித் தண்ணீர் உப்பேறி மீனே வெளியேறிவிடும் என்றார், முகத்துவாரம் மணல் மூடினால் இன்னும் மோசம். அதற்கும் மேல் சுற்றிலும் இறால் பண்ணைகள். கடலோர இறால் பண்ணைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் கடுமையான தீர்ப்புச் சொன்னது, அதன்பிறகு சட்டம் வந்தது, பண்ணைகளும் தொடர்ந்தன.

சட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், தொடக் கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அலையாத்தி, பவளப்பாறை, கடற்புல், ஆமை முட்டையிடும் கரை, குதிரைலாட நண்டு வாழும் இடம் எல்லாம் இருக்கின்றன. ஆளிப் படுகை இல்லை. காட்டுக்குள் இருக்கும் படுகை காட்டோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும். பழையாறு, பூம்புகார் என்று காட்டுக்கு வெளியே கிடக்கும் கழிகளில் இருப்பதைக் கேட்க நாதியில்லை. இது ஒரு வரி சேர்க்கிற வேலை.

என் மனதில் ஓடிய திட்டத்தைப் படகுக்காரரிடம் அவிழ்த்துவிட்டேன். பரங்கிப்பேட்டை ஆய்வு மையம், வனத்துறை, மீன்வளத்துறை, கழியில் இறங்கும் மக்கள், காளவாய்க்காரர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் உட்கார வேண்டும். முதலில் எங்கெங்கே உயிருள்ள படுகை இருக்கிறது என்று வரைபடம். அந்தப் படுகைகளின் மேல் கிடக்கும் ஓட்டை வாரக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. குறைந்த இடங்களில் அதே கழியின் ஓட்டைக் காயப்போட்டுத் திரும்பப் போடுவது, சுண்ணாம்பு பூசிய நாட்டு ஓட்டில் எந்த மாதத்தில் குஞ்சு ஒட்டுகிறது என்று பார்ப்பது. புதிதாக ஆளியைக் கொண்டுவந்து விடுகிற வேலையே வேண்டாம்.

"ஊர்க் கட்டுப்பாடா? எந்த ஊரு சார்?" என்றார். கழியில் நாலைந்து ஊர்க்காரர்கள் இறங்குகிறார்கள், ஒரு ஊர் சொல்வதை இன்னொரு ஊர் கேட்காது. ஓடு எடுக்க வருபவர்கள் வெளியூர். வனத்துறை குழு போட்டால் தலைவர் பதவிக்குச் சண்டை வரும். "பால்க் விரிகுடாவுல கடல்பசுவுக்கு எடம் ஒதுக்குனாங்கள்ல, அதிராம்பட்டினம் தாண்டி, அங்க எப்படிப் பேசுனாங்கன்னு மொதல்ல கேளுங்க." 2022-இல் 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்த கடல்பசு பாதுகாப்பகத்தைச் சொல்கிறார். வலையில் சிக்கும் கடல்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் கொடுத்துப் பழக்கியிருக்கிறது. கடல்பசுவுக்கு முகம் இருக்கிறது, ஆளிக்கு அது இல்லை, யார் சன்மானம் தருவார்கள் என்றேன்.

"மொகத்துக்கா குடுக்குறாங்க? வலைய அறுத்தா நட்டம்ல, அதுக்குக் குடுக்குறாங்க. ஓடு வாராம இருந்தாலும் நட்டந்தான்." என் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை அது. காளவாய் மூட்டைக்கு என்ன விலை தருகிறதோ அதற்கு ஈடாக ஓட்டைக் கழியிலேயே விட்டுவைப்பதற்கு யாராவது தர வேண்டும். டார்னாக்கில் ஒரு விஸ்கி ஆலை தந்தது. இங்கே கழித் தண்ணீரால் லாபம் பார்ப்பவர்கள் இறால் பண்ணைக்காரர்கள், தங்கள் கழிவை அதே கழியில் விடுபவர்களும் அவர்களே. அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. படகுக்காரர் தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டு ஆட்டினாரா என்று சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர் நம்பரைத் தருகிறேன் என்றிருக்கிறார். மாசியில் போய்ப் பேசிப் பார்க்கிறேன், பேச்சு எங்கே போகிறது என்று அப்போது எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: லகூனுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முதல் நாளே கேட்டுவிடுங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தைப் படகுக்காரரிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், ஓதம் ஏறிய பிறகு போனால் படுகை தெரியாது. நிழல் கிடையாது, தொப்பியும் குடிதண்ணீரும் கட்டாயம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்காதீர்கள். திரும்பி வந்ததும் முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் இறால் வாடா என்ற பலகாரம் சூடாகக் கிடைக்கும், சாயங்காலம் போனால் தீர்ந்துவிடும்.